மேலே கொதிக்கிறது, கீழே வரவில்லை: சோலார் வெந்நீர்க் கோளாறு பார்க்கும் விதம்

கார்த்திகை பிறந்து வாடைக்காற்று அடிக்க ஆரம்பித்தால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே பல்லவிதான்: “சோலார் கெட்டுப்போச்சு, வெந்நீர் வரலை.” மண்டபம் ஊரில் பிளம்பிங் வேலை செய்கிறவன் நான். பாம்பன், ராமேசுவரம் லாட்ஜுகள், கீழக்கரை மாடி வீடுகள் எல்லாம் என் வட்டாரம். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் சோலார் நன்றாகத்தான் இருக்கும். மாடியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், இறங்கி வரும் வழியில் எங்கோ சிக்கல். யாராவது வந்து புது டியூப், புது டேங்க் என்று எஸ்டிமேட் எழுதும் முன்னால் நீங்களே பார்த்துக்கொள்ளக்கூடியது நிறைய இருக்கிறது.

நான் சொல்வது தண்ணீர் காய்ச்சும் சோலார். கமுதியில் 2016-இல் வந்த 648 மெகாவாட் நிலையம் மின்சாரம் எடுக்கிற வகை, அது வேறு. நம் மாடியில் இருப்பதற்குக் கரண்டே வேண்டாம். கண்ணாடி டியூபில் தண்ணீர் சூடானால் லேசாகி மேலே டேங்குக்கு ஏறும், குளிர்ந்த தண்ணீர் கனம் தாங்காமல் டியூபுக்குள் இறங்கும். பகல் முழுக்க இந்தச் சுற்று தானாக நடக்கும். “கரண்ட் இல்லை, அதான் வெந்நீர் வரலை” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டேங்குக்குள் கரண்டில் சுடும் பேக்கப் காயிலை மட்டுமே நம்பியிருந்தால் தவிர.

முதல் வேலை, நல்ல வெயில் நாளில் மத்தியானம் மூன்று மணி வாக்கில் மாடிக்குப் போங்கள். டேங்கின் மேல்பக்கத்திலிருந்து கிளம்புவது வெந்நீர்க் குழாய், அடிப்பக்கம் நுழைவது பச்சைத் தண்ணீர்க் குழாய். கீழே ஒருவரை வெந்நீர்க் குழாயைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு, மேலே டேங்கை ஒட்டிய இடத்தில் வெந்நீர்க் குழாயைத் துணி சுற்றிய கையால் தொட்டுப் பாருங்கள். வெறுங்கையால் வேண்டாம், நல்ல வெயிலில் அறுபது, எழுபது டிகிரிக்கு மேல் போயிருக்கும். மேலே சுடுகிறது, கீழே நூல் மாதிரி ஒழுகுகிறது அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் குழாயில் காற்று. மேலே சுடுகிறது, கீழே தண்ணீர் வேகமாக வருகிறது, ஆனால் பச்சையாக வருகிறது என்றால் நடுவழியில் பச்சைத் தண்ணீர் கலக்கிறது. மேலேயே சுடவில்லை என்றால்தான் சோலார் பக்கம் கோளாறு. இந்த மூன்றையும் பிரித்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

இதற்கு நடுவில் ஒன்று. வெந்நீர் வருகிறது, ஆனால் முதல் அரை வாளி பச்சையாகப் போகிறது என்பது கோளாறே இல்லை. முக்கால் இஞ்ச் குழாய் இருபது மீட்டர் ஓடினால் அதற்குள் ஐந்தாறு லிட்டர் ஆறிய தண்ணீர் நிற்கும், அது வெளியே வந்தாக வேண்டும். குழாயின் மேல் கருப்பு நுரை உறை போட்டால் கொஞ்சம் குறையும். நம் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அந்த உறை சீக்கிரம் பொடிந்து உதிர்கிறது, மேலே அலுமினிய டேப் சுற்றிவிடுங்கள்.

காற்று அடைப்புக்கு வருகிறேன். பச்சைத் தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று, சூடாகும்போது குமிழாகப் பிரியும். அது குழாயில் எந்த இடம் மேடாக இருக்கிறதோ அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். சோலார் டேங்கிலிருந்து இறங்கும் தண்ணீருக்குப் பெரிய அழுத்தம் கிடையாது, மாடித் தொட்டியின் உயரம் தரும் சில அடிகள்தான். அந்தக் குமிழைத் தள்ள அது போதாது. அதனால்தான் கீழ்த்தளத்தில் வெந்நீர் வரும், மேல்மாடி பாத்ரூமில் வராது. கைப்பிடிச் சுவரைத் தாண்ட குழாயை ஏற்றி, மடக்கி, இறக்கியிருக்கும் வீடுகளில் இது நிச்சயம். செலவு மிச்சம் என்று வெந்நீருக்குச் சாதாரண வெள்ளை பி.வி.சி. போட்டிருந்தாலும் இதே கதை. சூட்டில் குழாய் இளகித் தொய்ந்து, இரண்டு கிளாம்புக்கு நடுவில் பள்ளமும் கிளாம்பில் மேடுமாக நிற்கும். வெந்நீருக்கு சி.பி.வி.சி., மூன்றடிக்கு ஒரு கிளாம்ப்.

காற்றை வெளியேற்ற ஒரு துண்டு ஹோஸ் போதும். வெந்நீர் வராத பாத்ரூமில் வெந்நீர்க் குழாயின் வாயையும் பச்சைத் தண்ணீர்க் குழாயின் வாயையும் ஹோஸால் இணைத்து இரண்டு பக்கமும் கிளிப் போட்டு இறுக்குங்கள். வீட்டின் மற்ற வெந்நீர்க் குழாய்கள் மூடியிருக்கட்டும். முதலில் வெந்நீர்ப் பக்கம் திற, பிறகு பச்சைத் தண்ணீர்ப் பக்கம். பச்சைத் தண்ணீர் பின்பக்கமாக ஏறி, குமிழை டேங்குக்குள் தள்ளிவிடும். மாடியில் ஒருவர் நின்றால், டேங்கின் தலையில் காற்றுப் போக்கியாக நிற்கும் ஏர் வென்ட் குழாயில் குடுகுடுவென்று சத்தம் கேட்கும். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போதும், உடனே மூடிவிடுங்கள். பிரஷர் பம்ப் இருக்கும் வீட்டில் மறந்துவிட்டால் டேங்க் வழிந்து மாடி முழுக்க வெந்நீர்தான். அடுத்த மாதமே திரும்ப அடைத்தால் ஹோஸை நம்பிப் பயனில்லை. குழாயின் உச்சி மேட்டில் ஒரு டீ (மூன்று வாய் இணைப்பு) போட்டு, மாடித் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மேலே போகும்படி சிறிய குழாய் ஒன்றை நட்டுவிட வேண்டும்.

கீழக்கரையில் ஒரு வீட்டில் இதைச் செய்துகொண்டிருந்தபோது லண்டனில் இருக்கும் அவர்கள் வீட்டுப் பையன் வீடியோ காலில், “அண்ணே, இங்கே ரேடியேட்டர் மேல்பாதி மட்டும் ஐஸா இருக்கு” என்றார். அங்கே பாய்லரில் காய்ந்த தண்ணீர் அறைக்கு அறை இரும்புப் பலகைக்குள் சுற்றி வீட்டைச் சூடாக்கும். மேல்பாதி குளிர்ந்தால் காற்று, அடிப்பாதி குளிர்ந்தால் துருச் சேறு. பலகையின் மேல்மூலையில் ஒரு சின்னத் திருகு இருக்கும். ஹீட்டிங்கை அணைத்து ஆறவிட்டு, அதற்கான சாவியால் லேசாகத் திறந்தால் உஸ்ஸென்று காற்று போகும், தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூட வேண்டும். பிறகு பாய்லர் மீட்டரில் அழுத்தம் ஒரு பாருக்குக் (bar) கீழே இறங்கியிருந்தால் தண்ணீர் ஏற்ற வேண்டும். அங்கேயும் இங்கேயும் எதிரி ஒன்றுதான்.

ஏர் வென்ட் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். டேங்கின் தலையிலிருந்து கைத்தடி மாதிரி வளைந்து நிற்கும் அந்தத் திறந்த குழாயை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்காதீர்கள். பல்லி போகிறது, தண்ணீர் சொட்டுகிறது என்று துணி திணித்து வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வென்ட் அடைத்தால் தண்ணீர் இறங்கும்போது டேங்க் உள்ளுக்கு இழுத்து நசுங்கும், கொதிக்கும்போது வெடிப்பும் விடலாம். பூச்சிக்குப் பயந்தால் கொசுவலை கட்டுங்கள், அவ்வளவுதான். சொட்டினால் வென்ட்டின் உயரம் குறைவு என்று அர்த்தம், நீட்டிவிடுங்கள்.

அடுத்தது பச்சைத் தண்ணீர் கலப்பது. நான் பார்க்கும் கோளாறுகளில் ஆளை அதிகம் சுற்றவிடுவது இதுதான். கீழக்கரையில் ஒரு மூன்று மாடி வீடு. “தம்பி, பிரஷர் மோட்டார் போட்ட நாளிலிருந்து சோலார் சூடே இல்லை” என்றார் அந்த வீட்டு லாத்தா. அதற்குள் இரண்டு பேர் வந்து டியூபை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் சொன்ன வாக்கியத்திலேயே விடை இருந்தது. பம்ப் பச்சைத் தண்ணீரை அழுத்தித் தள்ளுகிறது, வெந்நீர் தன் பாட்டுக்கு இறங்குகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் மிக்ஸர் குழாய். கைஷவரின் பட்டனை விட்டு ஷவரை மட்டும் நிறுத்திவிட்டு, சுவரில் இரண்டு திருகையும் திறந்தே வைத்துவிட்டால், வெளியே போக வழியில்லாத பச்சைத் தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்து மேலே ஏறும். ராத்திரி முழுக்க இது நடந்தால் காலையில் டேங்கே ஆறிக் கிடக்கும்.

சோதிப்பது சுலபம். மாடியில் டேங்கை விட்டுக் கிளம்பும் வெந்நீர் கேட் வால்வை மூடுங்கள். கீழே வந்து ஏதாவது ஒரு வெந்நீர்க் குழாயைத் திறங்கள். குழாயில் இருந்த தண்ணீர் வடிந்து நின்றுவிட்டால் கலப்பு இல்லை. நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது பச்சைத் தண்ணீர்தான். இனி ஒவ்வொரு பாத்ரூமாகப் போய் மிக்ஸருக்குக் கீழே உள்ள ஆங்கிள் வால்வுகளை மூடிக்கொண்டே வாருங்கள், எதை மூடும்போது ஒழுக்கு நிற்கிறதோ அதுதான் கள்ளன். வாஷிங் மெஷினுக்கும் கிச்சன் சிங்குக்கும் போகும் இணைப்புகளை மறக்காதீர்கள். ஒற்றைக் கைப்பிடி மிக்ஸரில் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் தேய்ந்தாலும் இப்படிக் கசியும், அதை மட்டும் மாற்றினால் போதும்.

நிரந்தரத் தீர்வு, வெந்நீர் வரும் பக்கம் ஒரு என்.ஆர்.வி., அதாவது தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு. கடையில் கேட்டதும் ஸ்பிரிங் வைத்ததைத் தருவார்கள். அதைத் திறக்கவே அழுத்தம் வேண்டும், சோலாரின் அழுத்தத்துக்கு அது திறக்காமல் அடம்பிடிக்கும். கதவு மாதிரி ஆடும் ஸ்விங் வகை கேளுங்கள், அதையும் படுக்கையாக ஓடும் குழாயில் போடுங்கள். மேலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக் குழாயில் அது மூடவே மூடாது.

சரி, மேலேயே சுடவில்லை என்றால்? முதலில் வானத்தைப் பாருங்கள். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில், வெந்நீர் தேவைப்படுவதும் அப்போதுதான். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மூட்டம் போட்டால் எந்த சோலாரும் ஆறத்தான் செய்யும். அடுத்தது நிழல். சித்திரை பிறக்கும்போது நம் ஊரில் உச்சி வெயில் நேர் தலைக்கு மேல் நிற்கும். மார்கழியில் அது தெற்கே முப்பது டிகிரிக்கு மேல் சாய்ந்துவிடும். கோடையில் நிழலே விழாத தெற்குப் பக்கத்துத் தென்னை, பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக எழுப்பிய மாடி, மார்கழியில் டியூபை மறைக்கும். மத்தியானம் போய் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

லாட்ஜுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு, ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு எல்லா அறைக்காரர்களும் ஒரே நேரத்தில் திரும்புகிறார்கள். ஆளுக்கு இரண்டு வாளி வெந்நீர் எடுத்தால் டேங்கில் பச்சைத் தண்ணீர் புகுந்து கலந்துவிடும். அது பற்றாக்குறை. ரிப்பேர்காரனைக் கூப்பிட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை, கொள்ளளவைக் கூட்டுங்கள் அல்லது காயிலை விடிகாலை மூன்று மணிக்கே போடுங்கள்.

டியூபின் அடிநுனியில் வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு பூச்சு இருக்கும். அது பால் வெள்ளையாக மாறியிருந்தால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் இருந்த வெற்றிடம் போய்விட்டது, அந்த டியூப் உதவாது. மற்றதெல்லாம் வெள்ளியாக இருந்தால் மொத்தமாக மாற்றச் சொல்பவரை அனுப்பிவிடுங்கள். கடலோரத்தில் டியூபின் வெளியே உப்பும் தூசியும் பிசினாகப் படியும். விடிகாலையில் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தாலே சூடு கூடும். உள்ளே பார்க்க வேண்டியது சுண்ணாம்பு. போர் தண்ணீரைக் காய்ச்சினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும். டியூபுக்கு அடியில் வழி கிடையாது, அதனால் டேங்கை வடித்தாலும் டியூபில் சேர்ந்தது அப்படியே இருக்கும். பச்சைத் தண்ணீர் வால்வை மூடி, டேங்கைக் காலி செய்து, டியூபை மேலே தள்ளி அடிப்பிடியிலிருந்து விடுவித்து, கீழே உருவிக் கவிழ்க்க வேண்டும். ஆறடி டியூப் ஒன்றில் மூன்று லிட்டர் அளவுக்குத் தண்ணீர் நிற்கும், கனமாக இருக்கும், உடன் ஒரு ஆள் வேண்டும். மளிகைக்கடை எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஊற்றி ஊறவைத்தால் சுண்ணாம்பு கழன்றுவிடும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எடுக்காதீர்கள். டியூபைத் தின்னாது, மிச்சம் டேங்குக்குள் போனால் ஸ்டீலைத் தின்னும். திரும்பச் சொருகும்போது ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள்.

இந்த வேலை எல்லாம் வெயிலுக்கு முன்னால் அல்லது பொழுது சாய்ந்த பிறகு. வெயிலில் காய்ந்த வெற்று டியூபுக்குள் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி படீரென்று வெடிக்கும். மோட்டார் பழுதாகி டேங்க் காலியாக நின்றால் டியூபுகளைச் சாக்கால் மூடிவிட்டு, சாயங்காலம் வரை பொறுத்துத் தண்ணீர் விடுங்கள்.

பேக்கப் காயில் சுடவில்லை, எம்.சி.பி. விழுகிறது என்றால் நீங்கள் தொட வேண்டாம். உப்புக்காற்றில் டெர்மினல் அரித்திருக்கும், காயிலின் மேல் சுண்ணாம்பு ஏறி வெடித்திருக்கும். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்து எலக்ட்ரீஷியன் பார்க்கட்டும். தண்ணீரில் கை வைத்தால் ஜிவ்வென்று இழுக்கிறது என்று சொன்ன வீட்டில், மெயினை அணைத்துவிட்டுத்தான் மற்ற பேச்சே.

சாயங்காலம் கொதிக்கிறது, யாரும் தொடாமலே விடிந்தால் ஆறிவிடுகிறது, கலப்பும் இல்லை என்றால், டேங்கின் உள்சுவர் கசிந்து நடுவில் உள்ள நுரை நனைந்திருக்கிறது. வெளித்தகட்டின் அடியில் துருநீர் வழிந்த கோடு தெரியும். 304 ஸ்டீல் டேங்குக்கு உப்புத் தண்ணீர் ஆகாது, வெல்டிங் ஓரத்தில் ஊசித்துளை விழும். அதை மறுபடி வெல்டு வைத்துத் தருகிறேன் என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள், பக்கத்திலேயே அடுத்த துளை விழும். 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து தனிப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். புது டேங்க் வாங்கினால் 316 ஸ்டீல், இல்லாவிட்டால் உள்ளே கண்ணாடிப் பூச்சும் மெக்னீசியக் கம்பியும் உள்ளது கேளுங்கள். அந்தக் கம்பி டேங்குக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்காகவே இருக்கிறது. போர் தண்ணீர் ஓடும் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.