மூன்றாவது பத்தியில் நின்ற கதை

ஒன்பது நாட்களாக என் சிறுகதை மூன்றாவது பத்தியைத் தாண்டவில்லை. எழுதும் ஒவ்வொரு வரியும் எங்கோ படித்ததாகவே தோன்றியது. முதலில் கருவை மாற்றினேன்: தந்தை மகன் பிணக்குக்குப் பதில் சகோதரர் பிணக்கு. அதுவும் பழையதே. பிறகு வாசிப்பதையே நிறுத்தினேன். மொழி வறண்டதுதான் மிச்சம்.

கடைசியில் முதல் வரைவை அச்செடுத்து, இரவல் என்று பட்ட இடங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டேன். கருவின் மீது ஒரு கோடுகூட விழவில்லை! ஏறக்குறைய எல்லாமே உவமைகளிலும் முகபாவ வருணனைகளிலும்தான். 'கோபத்தால் முகம் சிவந்தது' என்பதை அடித்துவிட்டு, கோபம் வந்தால் என் அப்பா கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டே இருப்பதை எழுதினேன். நான்காவது பத்தி தயங்காமல் வந்தது. இரண்டு மாலைகளில் கதை முடிந்தது; பெரிய நிம்மதி. கரு அதே தந்தை மகன் பிணக்குதான்.