நிபோங் தெபாலில் வீட்டைப் பெரிதாக்க பெர்மிட் எடுப்பது எப்படி?

வீட்டு அலமாரியிலிருந்து இரண்டு ரசீதுகளை எடுத்து மேசைமேல் வையுங்கள். ஒன்று நில வரி, அதாவது சுக்காய் தானா. இன்னொன்று மதிப்பீட்டு வரி, நம் ஆட்கள் சுக்காய் பிந்து என்று சொல்வது. முதலாவது நில அலுவலகத்துக்குப் போகிறது. இரண்டாவது செபராங் பிறை மாநகர் மன்றத்துக்குப் போகிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு இடங்களில் வரி கட்டுகிறோம் என்றால், அந்த வீட்டின்மேல் இரண்டு இடங்களுக்கும் அதிகாரம் இருக்கிறது. புதிதாகப் பெர்மிட் எடுக்கப் போகிறவர்கள் மாநகர் மன்றத்துக்கு மட்டும் ஓடிவிட்டு, பாதி வழியில் நில விஷயத்தில் மாட்டிக்கொண்டு திரும்பி வருகிறார்கள். முதலில் நிலத்தைப் பாருங்கள், அப்புறம் கட்டடத்துக்கு வாருங்கள். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், மாதங்களும் போகும்.

எங்கள் வீட்டில் இரண்டும் போயின. தோட்டத்து லயத்தை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டை விட்டு, தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டுக்கு வந்தபோது, லயத்தில் இருந்ததுபோல் பின்பக்கம் பெரிய குசினி வேண்டும் என்று அம்மா ஆசைப்பட்டார். "பின்னால நீட்டறதுக்கு என்னங்க பெர்மிட்? எல்லாரும்தான் கட்டறாங்க" என்றார் கான்ட்ராக்டர். அப்பா நம்பினார். சில ஆண்டுகள் கழித்து நோட்டீஸ் வந்தது. பின் சந்துக் கால்வாயை ஒட்டி எழுப்பிய சுவரை இடிக்க வேண்டியதாயிற்று. அடுப்பு மேடையை உடைத்த அன்று அம்மா அறையை விட்டு வெளியே வரவே இல்லை. இந்த விளக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இன்னும் லயத்து வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த வீடும் நிலமும் தோட்ட நிர்வாகத்துடையவை. பெர்மிட்டை நில உரிமையாளர்தான் கேட்க முடியும். தொழிலாளர் குடியிருப்பு குறைந்தபட்சத் தரத்தோடு இருக்க வேண்டிய பொறுப்பை 1990-ஆம் ஆண்டுச் சட்டம் முதலாளிமேல் வைத்திருக்கிறது. கூரையோ கழிவறையோ சரியில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். உங்கள் சேமிப்பைப் போட்டு அங்கே அறை கட்டாதீர்கள். தோட்டம் கைமாறும் நாளில் அந்தச் சுவருக்கு உங்களிடம் ஒரு தாளும் இருக்காது.

1. யாருடைய எல்லை என்று பாருங்கள்

நம் ஊர்ப்பக்கம் சில கிலோமீட்டருக்குள் மூன்று மாநிலங்கள் சந்திக்கின்றன. நிபோங் தெபால் பினாங்கு, பாரிட் புந்தார் பேராக், பண்டார் பாரு கெடா. மூன்றுக்கும் தனித்தனி மன்றம், தனித்தனி நில அலுவலகம். நிலமும் உள்ளூராட்சியும் மாநிலத்தின் கையில் இருப்பதால், பாரிட் புந்தாரில் மச்சான் வீடு கட்டிய அனுபவம் இங்கே அப்படியே பொருந்தாது. கட்டணம் மாறும், கேட்கும் தாள்கள் மாறும். மதிப்பீட்டு வரி ரசீதில் எந்த மன்றத்தின் பெயர் இருக்கிறதோ, அதுதான் உங்கள் மன்றம். நமக்கு அது 2019-இல் மாநகர் அந்தஸ்து பெற்ற செபராங் பிறை மாநகர் மன்றம். தலைமையகம் புக்கிட் மெர்தாஜாம் பக்கம் பண்டார் பெர்டாவில் இருக்கிறது.

2. கிராண்டைப் படியுங்கள்

கிராண்ட் என்பது நில உரிமைப் பத்திரம். இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நில அலுவலகத்தில் 'சாரியான் ரஸ்மி', அதாவது நிலப் பதிவின் அதிகாரபூர்வ நகல் கேட்டு வாங்குங்கள். வீட்டில் லேமினேட் செய்து வைத்திருக்கும் பழைய நகல் போதாது. அதில் நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலில் பெயர். கிராண்ட் இன்னும் காலமான தாத்தா பெயரிலேயே இருப்பதை நம் குடும்பங்களில் எத்தனையோ பார்த்துவிட்டேன். அண்ணன் தம்பிக்குள் சண்டை இல்லை என்பதற்காக மாற்றாமலேயே விட்டுவிடுகிறார்கள். இறந்தவர் கையெழுத்துப் போட முடியாதே! வாரிசுப் பங்கீட்டை முடித்து, பெயர் மாறிய பிறகுதான் மற்ற வேலை நகரும்.

அடுத்து நிலத்தின் வகை. தேசிய நிலச் சட்டம் விவசாயம், கட்டடம், தொழில் என்று மூன்று வகை சொல்கிறது. தாமான் வீடுகள் பெரும்பாலும் கட்டட வகையில் இருக்கும். கம்பத்தில், அதாவது கிராமத்தில், செம்பனையோ தென்னையோ நின்ற துண்டு நிலத்தை வாங்கியிருந்தால் 'பெர்தானியான்' (விவசாயம்) என்று இருக்கக்கூடும். அப்படியானால் அதில் எந்த அளவுக்குக் கட்டலாம், வகை மாற்றம் தேவையா என்று பிளான் வரையும் முன்பே நில அலுவலகத்தில் கேளுங்கள். வகை மாற்றத்துக்கு மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், அதற்குத் தனியாகப் பணமும் கட்ட வேண்டும். வகை என்ற இடத்தில் 'தியாடா' (இல்லை) என்று இருந்தால், எதையும் கட்டலாம் என்று நீங்களே முடிவு செய்யாமல் அதையும் கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது 'ஷாராட் ஞாத்தா', நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை. நான்காவது 'செகாத்தான் கெப்பெந்திங்கான்', விற்கவோ அடகு வைக்கவோ உள்ள தடை. மலிவு விலை வீடுகளில் இது அடிக்கடி இருக்கும். கட்டுமானச் செலவுக்கு வங்கிக் கடன் வாங்க நினைப்பவர்கள் இந்த வரியை வங்கியில் காட்டிவிடுங்கள்.

3. பிளான் வரைபவரைப் பிடியுங்கள்

கான்ட்ராக்டருக்கு முன்னால் இவர். மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெற்ற பிளான் வரைபவர், கட்டடக் கலைஞர் அல்லது பதிவு பெற்ற பொறியாளர்தான் பிளானைத் தாக்கல் செய்ய முடியும். சிறிய வீட்டு வேலைக்குப் பிளான் வரைபவரே பெரும்பாலும் போதும். பதிவு எண்ணைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். கடைசியில் வீடு சட்டப்படி முடிந்தது என்று சான்று தரப்போகிறவரும் அவர்தான். கான்ட்ராக்டர் தனக்குத் தெரிந்த ஒருவரைக் கையெழுத்துக்கு மட்டும் பிடித்துத் தருவதாகச் சொன்னால் வேண்டாம். உங்கள் வீட்டை வந்து பார்க்காதவர் உங்கள் வீட்டுக்குப் பொறுப்பேற்க மாட்டார்.

பிளானை நீங்களும் படித்துப் பார்க்கலாம். 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகள் சொல்லும் அளவுகள் எளிமையானவை. வசிக்கும் அறையின் உயரம் குறைந்தது 2.5 மீட்டர், குசினிக்கு 2.25 மீட்டர். படுக்கையறைக்கு ஜன்னல் பரப்பு தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வேண்டும், அதில் பாதியாவது காற்றுக்குத் திறக்க வேண்டும். பின்பக்கம் முழுவதையும் அடைத்து ஒரு குசினி கட்டினால் நடு அறை இருட்டறையாகிவிடும். அந்த ஜன்னல் எங்கே போகிறது என்று வரைபவரிடம் கேளுங்கள்.

4. மண்ணையும் தண்ணீரையும் மறக்காதீர்கள்

கடலோரச் சமவெளியில் கீழே இருப்பது மென்மையான களிமண். மூல வீடு ஆழமாக இறங்கிய கான்கிரீட் பைல்மேல் நிற்கும். பின்னால் ஒட்டவைத்த குசினியோ குட்டையான பாக்காவ் (அலையாத்தி மரம்) கட்டைமேல், சில சமயம் வெறும் சிலாப்மேல் நிற்கும். வீடு அசையாது, குசினி மெல்ல இறங்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்பு ஓடும், மழைக்காலத்தில் அதன் வழியே நீர் இறங்கும். நம் தாமானில் வரிசையாக நடந்து பார்த்தால் இந்த வெடிப்பு எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று தெரியும். புட்டி வைத்து அடைப்பது ஓர் ஆண்டுக்குத்தான் தாங்கும். எந்தப் பைல், எத்தனை ஆழம், பழைய சுவரோடு இணைப்பை எப்படி விடுவது என்று பிளான் கட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள்.

காலி நிலத்தில் புதிதாகக் கட்டுபவர்களுக்கு நீர்ப்பாசன, வடிகால் இலாகாவும் வந்து சேரும். கடலின் பெரிய நீரேற்றமும் கனமழையும் ஒரே நேரத்தில் வந்தால் கால்வாய் நீர் வெளியேற இடம் இருக்காது. அதனால்தான் மனையின் தரைமட்டத்தை அவர்கள் பார்க்கிறார்கள். கடலை ஒட்டிய நிலமாக இருந்தால் அவர்களுடைய வழிகாட்டியில் தள்ளி நிற்க வேண்டிய தூரமும் உண்டு: மணல் கரையில் 60 மீட்டர், சேற்றுக் கரையில் அலையாத்திக் காட்டின் கடல்பக்க விளிம்பிலிருந்து 400 மீட்டர். ஆற்றோர நிலத்துக்கும் ஒதுக்குப் பகுதி உண்டு. நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே இதை விசாரித்துவிடுங்கள்.

5. தாக்கல்

2007-இலிருந்து மன்றங்களில் ஓஎஸ்சி என்ற ஒரே முகப்பு இருக்கிறது. வரைபவர் அங்கே தாக்கல் செய்தால், தேவையான இலாகாக்களுக்கு அவர்களே அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். புதிய வீடென்றால் தீயணைப்புத் துறை, கழிவுநீர், குடிநீர், மின்சாரம் என்று பட்டியல் நீளலாம். முதலாம் எண் கூட்டரசுச் சாலையிலிருந்து புது வழி திறக்கிறீர்கள் என்றால் பொதுப்பணி இலாகாவும் பார்க்கும்.

வீட்டுச் சொந்தக்காரரிடம் வழக்கமாகக் கேட்பவை: கிராண்ட் நகல், ஐசி நகல், இரண்டு வரிகளின் ரசீது, அண்டை வீட்டாரின் சம்மதக் கடிதம். வரி பாக்கி இருந்தால் முதலில் கட்டிவிடுங்கள். அண்டை வீட்டாரிடம் தாளை மட்டும் நீட்டாமல் பிளானை விரித்துக் காட்டுங்கள். கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழும் என்பதுதான் அவர்கள் மனதில் இருக்கும் கேள்வி. பக்கத்து மலாய்க்கார அக்கா எங்களிடம் கேட்டதும் அதுவேதான். கூரைத் தண்ணீரை வாங்கும் பீலியைப் பிளானில் காட்டியதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

புது வீட்டுக்குத் திட்ட அனுமதி (அந்த நிலத்தில் வீடு கட்டலாம் என்ற அனுமதி) தனி, கட்டட பிளான் ஒப்புதல் தனி. திட்ட அனுமதி 12 மாதம்தான் செல்லும். அதற்குள் வேலை தொடங்க முடியாவிட்டால், காலாவதியாகும் முன் நீட்டிப்புக் கேட்க வேண்டும்.

6. வேலையும் முடிவும்

ஒப்புதல் கையில் வந்தவுடன் மண்வெட்டியை எடுக்காதீர்கள். வேலை தொடங்கும் அறிவிப்பான 'போராங் பி' என்ற படிவத்தை வரைபவர் மன்றத்திடம் கொடுக்க வேண்டும். மணலும் கல்லும் சாலையில் கொட்டுவது பற்றியும் முன்பணம் பற்றியும் மன்றம் என்ன சொல்கிறது என்று கேட்டு கான்ட்ராக்டரிடம் எழுத்தில் ஒப்புக்கொள்ள வையுங்கள். பாதியில் "இன்னும் மூன்று அடி தள்ளலாம்" என்று ஆசை வந்தால் திருத்திய பிளான் வேண்டும். எங்கள் வீட்டில் பிறகு கட்டிய குசினியில் அப்பாவுக்கே அந்த ஆசை வந்தது. அம்மாதான் வேண்டாம் என்றார்.

வேலை முடிந்ததும் 'போராங் எஃப்', அதாவது சிசிசி என்கிற நிறைவுச் சான்றிதழ். 2007 ஏப்ரல் 12-இலிருந்து பழைய சிஎஃப்ஓவுக்கு (குடியேறத் தகுதிச் சான்றிதழுக்கு) பதிலாக வந்தது இது. இதை மன்றம் தருவதில்லை, பிளானைத் தாக்கல் செய்தவரே கையெழுத்திட்டுத் தருகிறார். இது கையில் வரும் வரை கடைசித் தவணைப் பணத்தை கான்ட்ராக்டருக்குக் கொடுக்காதபடி ஒப்பந்தம் போடுங்கள்.

அதன் பிறகு மன்றம் வீட்டை மறுமதிப்பீடு செய்து மதிப்பீட்டு வரியை உயர்த்தலாம். நோட்டீஸ் வந்தால் அலமாரியில் போட்டு வைக்காமல் தொகையைப் பாருங்கள். அதிகம் என்று தோன்றினால் அதில் குறித்திருக்கும் கடைசி நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். நேரில் போகும்போது ஒப்புதல் பெற்ற பிளானையும் கொண்டுபோங்கள். எத்தனை சதுர மீட்டர் கூடியது என்பது அதில்தான் இருக்கிறது.