ஸ்போர்ட்ஸ் காரின் குலுக்கலைக் குறைக்க: ஸ்பிரிங்கைக் கடைசியில் தொடுங்கள்

கார் தூக்கித் தூக்கிப் போட்டால் எல்லோரும் முதலில் ஸ்பிரிங்கைத்தான் குறை சொல்வார்கள். ஆனால் குலுக்கலில் பெரும்பங்கு டயர், புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் உருளை), பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுவதும் அமுங்கும்போது இடி தாங்கும் ரப்பர்), ஷாக் அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது, சுருக்கமாக ஷாக்) இவற்றிலிருந்தே வரும். செலவு குறைந்ததிலிருந்து ஆரம்பித்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள்.

முதலில் டயர். காரை 3 மணி நேரமாவது நிறுத்திவைத்து, டயர் ஆறியபின் காற்று பாருங்கள். கதவுச் சட்டத்திலோ பெட்ரோல் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் அளவைவிட 4, 5 பி.எஸ்.ஐ. கூடியிருந்தாலே சின்னக் கல்லும் உள்ளே தெரியும். ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே இறக்காதீர்கள். டயரின் பக்கச்சுவர் மடங்கிச் சூடேறும், பள்ளத்தில் ரிம் நெளியும். பக்கச்சுவரில் உள்ள நாலு இலக்கத் தயாரிப்பு எண்ணையும் பாருங்கள். 2317 என்றால் 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பழைய ரப்பர் இறுகிப்போயிருக்கும். ரன்-ஃபிளாட் டயர் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது) என்றால் அதன் பக்கச்சுவரே விறைப்பு. சாதாரண டயருக்கு மாறினால் ஸ்டெப்னியோ பஞ்சர் கிட்டோ கூடவே இருக்க வேண்டும்.

225/40 ஆர்18 டயரை (225 மி.மீ. அகலம், அதில் 40 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 18 அங்குல ரிம்) 225/45 ஆர்17 ஆக்கினால் பக்கச்சுவர் 90 மி.மீ.-இலிருந்து 101 மி.மீ. ஆகும். மொத்த விட்டம் 3 மி.மீ. மட்டுமே குறைவதால் ஸ்பீடோமீட்டரில் வித்தியாசம் தெரியாது. சின்ன ரிம் பிரேக் காலிப்பரில் உரசாமல் சுற்றுகிறதா என்று கையால் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும். டயரின் சுமைக் குறியீடு (எவ்வளவு எடை தாங்கும் என்று பக்கச்சுவரில் காட்டும் எண்) குறையக் கூடாது.

அடுத்தது புஷ். இங்கே நடக்கும் தவறு வெளியே தெரியாது. சக்கரம் தொங்கும்போதே சஸ்பென்ஷன் கைகளின் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் தண்டுகளின்) போல்ட்டுகளை முறுக்கிவிட்டால், காரை இறக்கியதும் ரப்பர் புஷ் திருகிக்கொண்டே நிற்கும். அதுவே கூடுதல் ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, காரை ரேம்ப்பில் ஏற்றி, எடை முழுவதும் சக்கரத்தில் இருக்கும் நிலையில், மேனுவல் சொல்லும் டார்க்கில் (முறுக்கு விசையில்) முறுக்குங்கள். முன்பு யாராவது ரப்பரைவிட விறைப்பான பாலியூரிதேன் புஷ் போட்டிருந்தால் ரப்பருக்குத் திரும்புங்கள். சாலையின் நறநறப்பு அதிலேயே நன்றாகக் குறையும்.

தாழ்த்திய காராக இருந்தால் பம்ப் ஸ்டாப்பைச் சந்தேகப்படுங்கள். ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாக மாட்டி, தண்டு உள்ளே போகும் இடத்தை ஒட்டித் தள்ளிவைத்து, வழக்கமான சாலையில் ஓட்டிவிட்டு வாருங்கள். சாதாரண மேடுகளிலேயே டை பம்ப் ஸ்டாப் வரை ஏறியிருந்தால், கார் ஸ்பிரிங்கில் ஓடவில்லை, அந்த ரப்பரில் இடித்துக்கொண்டு ஓடுகிறது. 10 முதல் 15 மி.மீ. உயர்த்துங்கள். பம்ப் ஸ்டாப்பை வெட்டி எறிந்தால் இரும்போடு இரும்பு மோதி ஷாக் உடையும்.

அட்ஜஸ்ட் செய்யும் ஷாக் என்றால், குமிழை முழு இறுக்கம் வரை மெதுவாகத் திருப்பி, பழைய நிலைக்கு எத்தனை கிளிக் என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பழைய நிலைக்கே கொண்டுவந்து, அங்கிருந்து 2 கிளிக் வீதம் தளர்த்துங்கள். முதல் மேடு பரவாயில்லை, அடுத்தடுத்த மூன்றாவது நாலாவது மேட்டில்தான் முதுகில் அடிக்கிறது என்றால், ரீபவுண்ட் (ஸ்பிரிங் விரிவதை ஷாக் தடுக்கும் அளவு) அதிகம்: ஸ்பிரிங் விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிட, கார் படிப்படியாக அமுங்கி பம்ப் ஸ்டாப்பில் உட்காருகிறது. மாறாக, மேடு தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஆடினால் அளவுக்கு மீறித் தளர்த்திவிட்டீர்கள், திரும்ப ஏற்றுங்கள். எண்ணெய் கசியும் ஷாக்கில் இந்த வேலை வீண்.

இவ்வளவுக்கும் மேல் குலுங்கினால் ஸ்பிரிங். ஒரு மூலையில் 300 கிலோ எடை, சக்கரத்தில் மி.மீ.-க்கு 40 நியூட்டன் விறைப்பு (1 மி.மீ. அமுக்க 40 நியூட்டன் விசை) என்றால், கார் நொடிக்கு ஏறத்தாழ 1.8 முறை ஆடும். 25 நியூட்டனுக்கு இறக்கினால் 1.45. உடம்புக்குத் தெரியும் வித்தியாசம் இது. ஆனால் அதே நீள ஸ்பிரிங்கையே மென்மையாக வாங்கினால் சக்கரத்தில் 44 மி.மீ. தாழும். நீளமான ஸ்பிரிங்தான் கேட்க வேண்டும், ஷாக்கையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். இருக்கும் ஸ்பிரிங்கின் சுற்றை வெட்டுவது நேர் எதிர் வேலை: சுற்று குறையக் குறைய விறைப்பு கூடும்.

உயரம் மாறினால் சக்கரக் கோணங்களும் மாறும். 100 கி.மீ. ஓட்டி ஸ்பிரிங் படிந்தபின் வீல் அலைன்மென்ட் பாருங்கள். ஹெட்லைட் ஒளி எங்கே விழுகிறது என்பதையும் அப்போதே சரிசெய்துவிடுங்கள்.