அலாஸ்கா கப்பல் பயணம்: தம்பதியர் கரையிலும் கப்பலிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலாஸ்கா பயணத்தில் ஒரு நாள் வீணாகிறதென்றால் பலரும் மழையைத்தான் குறை சொல்கிறார்கள். உண்மையில் அதிகம் கெடுப்பது நேரக் கணக்கு. சியாட்டிலிலிருந்தோ வான்கூவரிலிருந்தோ கிளம்பும் கப்பல் அலாஸ்காவை நெருங்கும்போது நேரம் ஒரு மணி பின்னால் போகும். கைபேசி கரையில் கிடைக்கும் சிக்னலைப் பார்த்துத் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பலின் கடிகாரம் எப்போது மாறும் என்பதைக் கேப்டன்தான் முடிவு செய்வார். அலாஸ்காவின் ஸ்கேக்வே துறைமுகத்திலிருந்து பேருந்தில் கனடாவின் யூகான் பக்கம் போனால் கனடா எல்லையைத் தாண்டியதும் கைபேசி கோடையில் ஒரு மணி முன்னே ஓடும். அதனால் இருவரில் ஒருவராவது சாதாரணக் கைக்கடிகாரம் கட்டி, அதில் கப்பல் நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தவறு, கப்பல் புறப்படும் நேரத்தைத் திரும்பி வரும் நேரமாக எடுத்துக்கொள்வது. பொதுவாக, புறப்பாட்டுக்கு அரை மணி முன்பே எல்லோரும் ஏறியிருக்க வேண்டும். சரியான நேரம் அன்றைய நிகழ்ச்சித் தாளிலும் கப்பலின் செயலியிலும் இருக்கும். இறங்கும் முன் அதை இருவருடைய கைபேசியிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அலாஸ்காவின் தலைநகரான ஜூனோவை எடுத்துக்கொள்வோம். 11 மணிக்குக் கப்பல் கட்டி, இரவு 8 மணிக்குக் கிளம்புகிறது என்றால் கையில் 9 மணி நேரம் இருப்பதுபோலத் தோன்றும். முதல் அரை மணி இறங்கும் வரிசையில் போகும். 7.30க்குள் ஏற வேண்டும். அதற்கும் ஒரு மணி முன்பே துறைமுகத்துக்கு வந்துவிடுவதுதான் பாதுகாப்பு. மிச்சம் 7 மணி நேரம். திமிங்கலம் பார்க்கும் படகுக்கு, போய்வரும் பேருந்தையும் சேர்த்து மூன்றரை முதல் நான்கு மணி ஆகும். மெண்டன்ஹால் பனியாறு ஊரிலிருந்து ஏறக்குறைய 19 கிலோமீட்டர். அங்குள்ள நகட் அருவிவரை நடந்து திரும்ப 3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதை சமதளம்தான், ஆனாலும் நின்று பார்க்க, படம் எடுக்க, மொத்தம் ஒன்றரை மணி வேண்டும். இந்த இரண்டோடு நாள் நிறைந்துவிடும். மூன்றாவதாக மவுண்ட் ராபர்ட்ஸ் கேபிள் காரையும் சேர்ப்பவர்கள் எதையும் நிம்மதியாகப் பார்ப்பதில்லை. அது கப்பல் துறைக்குப் பக்கத்திலேயே இருப்பதால் நேரம் மிஞ்சினால் மட்டும் ஏறலாம்.

பலர் கவனிக்காத ஒன்று: திமிங்கலப் படகுகள் கிளம்பும் ஆக் பே, மெண்டன்ஹால் இரண்டும் ஊருக்கு வடமேற்கில், ஒரே திசையில் இருக்கின்றன. தனித்தனியாகப் பதிவு செய்தால் நடுவில் ஊருக்குத் திரும்பி மறுபடி அதே சாலையில் போக வேண்டியிருக்கும். படகு முடிந்ததும் நேரே பனியாற்றில் இறக்கிவிடும் சேர்ந்த பயணமாக எடுத்தால் ஏறக்குறைய ஒரு மணி மிச்சம். அங்கிருந்து திரும்புவதற்கான பேருந்துக்கும் முதலிலேயே சீட்டு இருக்க வேண்டும். மாலையில் எல்லாக் கப்பல் பயணிகளும் ஒரே நேரத்தில் கிளம்புவதால் வரிசை நீளும். நகரப் பேருந்து மலிவுதான். ஆனால் பார்வையாளர் மையத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இறக்கிவிடும். அந்த நடையையும் கணக்கில் சேருங்கள். நடைபாதைகளுக்குத் தண்ணீர் தவிர உணவு எதுவும் கொண்டுபோகாதீர்கள். ஓடையில் சால்மன் மீன்கள் ஏறும் காலத்தில் கருங்கரடிகள் பாதைப் பக்கமே வரும்.

கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த ஊருக்கு அவர்களே கொண்டுசேர்ப்பார்கள். தனியாகப் போனவர்களுக்காக நிற்காது. ஜூனோவிலிருந்து வெளியூருக்குச் சாலையே கிடையாது; விமானமோ ஃபெரியோதான். தனியார் சுற்றுலாவில் விலை குறைவு, கூட்டமும் குறைவு, அதில் தவறில்லை. ஆனால் திரும்பும் நேரத்துக்கும் ஏற வேண்டிய நேரத்துக்கும் நடுவில் ஒன்றரை மணியாவது இருக்கட்டும். பனியாற்றின் மேல் இறங்கும் ஹெலிகாப்டர் பயணம் மூடுபனியால் ரத்தாவது சகஜம். பணம் திரும்பக் கிடைத்துவிடும், நாள் கிடைக்காது. ஆகவே அன்றைக்கு மாற்றாக என்ன செய்வது என்பதை முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேக்வேயில் 1898-1900ல் போடப்பட்ட வைட் பாஸ் மலை ரயிலில் ஏறும்போது இடப்பக்கம் உட்காருங்கள். பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான். உச்சியைத் தொட்டு அப்படியே திரும்பும் ரயிலும், ஃப்ரேசர், கார்க்ராஸ் போகும் பயணங்களும் வேறு வேறு. பின்னவற்றில் கனடாவில் இறங்குவதால் அசல் பாஸ்போர்ட் வேண்டும்.

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இங்கே இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சியாட்டிலில் தொடங்கி சியாட்டிலிலேயே முடியும் பயணங்களும் 1886ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்றால் வழியில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும். பெரும்பாலும் அது கனடாவின் விக்டோரியா. அங்கே கப்பலைவிட்டு இறங்காமல் இருந்தாலும் கனடா விசா இல்லையென்றால் பொதுவாகத் தொடக்கத்திலேயே ஏற்ற மாட்டார்கள். உங்கள் அமெரிக்க விசா மறுபடி நுழைய அனுமதிக்கிறதா என்பதையும் பதிவுக்கு முன்பே பாருங்கள்.

உடையில் நடக்கும் தவறு, ஒரே தடித்த கோட்டை நம்புவது. ஜூலையில் ஜூனோவின் பகல் உச்ச வெப்பநிலை சராசரியாக 18 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்; நடந்தால் வியர்க்கும், நின்றால் குளிரும். உள்ளே உடலோடு ஒட்டிய மெல்லிய உடை, நடுவில் ஃபிளீஸ், மேலே மழை புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்குக் காயாது. குடை படகில் உதவாது.

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் போகும் நாளில் கப்பல் எங்கும் கட்டுவதில்லை. அதனாலேயே அதை ஓய்வு நாளாக நினைத்து ஸ்பாவுக்கும் நீண்ட மதிய உணவுக்கும் பதிவு செய்துவிடுகிறார்கள். பயணத்தின் உச்சமே அன்றுதான். பூங்காவின் ரேஞ்சர்கள் கப்பலில் ஏறி ஒலிபெருக்கியில் விளக்குவார்கள். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நிற்கும். இரு பக்கத்தினரும் பார்க்கும்படி மெதுவாகத் திரும்பும். ஆகவே எந்தப் பக்கத்து அறை என்று கவலைப்பட வேண்டாம். பால்கனியிலேயே இருந்துவிடாமல் முன்தளத்துக்கும் போங்கள். பனிக்கட்டி உடைந்து விழுவதைக் கண் பார்த்த பிறகே ஓசை வந்து சேரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் பாதி முடிந்திருக்கும். பனிச்சுவரைப் பார்த்தபடியே நில்லுங்கள். தொலைநோக்கி ஆளுக்கு ஒன்று வேண்டும். 10 மடங்குக்கு மேல் வேண்டாம், கப்பலில் காட்சி நடுங்கும், 8x42 (8 மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை) போதும். குளிரில் கைபேசி மின்கலம் வேகமாக இறங்கும், உள்பையில் வையுங்கள்.

கடலில் கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றாவிட்டால் கப்பலின் செல் சேவையில் தானாக இணைந்து பெரிய பில் வரும். அப்படி மாற்றிவிட்டால் ஒருவரையொருவர் அழைக்க முடியாது. எனவே பிரியும்போதே சந்திக்கும் இடம், நேரம் இரண்டையும் சொல்லிக்கொள்ளுங்கள். அறை அட்டையும் புகைப்பட அடையாள அட்டையும் அவரவரிடம் இருக்கட்டும். ஒருவர் பையிலேயே இருவருடையதையும் வைத்தால் மற்றவர் துறைமுகக் காவலைத் தாண்ட முடியாது. தினமும் சாப்பிடும் மருந்தையும் ஒரு நாளைக்கு மேலாகவே கரைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நனைந்த ஜாக்கெட்டை அறையில் எங்கே காயப்போடுவது என்று திணறுவார்கள். அறைச் சுவர்கள் பெரும்பாலும் எஃகு. காந்தக் கொக்கிகள் நான்கு கொண்டுபோனால் தீர்ந்தது. கடல் குமட்டலுக்கான மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. தீவுகளுக்கு நடுவே நீர் அமைதியாக இருக்கும். குவீன் சார்லட் சவுண்ட் போன்ற திறந்த கடல் வருவதற்கு ஒரு மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.