கற்பனை நாட்டுக்கு வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒரு நாட்டைக் கற்பனை செய்து, அதற்கு வரலாறும் பண்பாடும் எழுத முற்படுவோர் பெரும்பாலும் அரச வம்சத்திலிருந்தே தொடங்குகிறார்கள். மன்னர்களின் பெயர், கொடி, வென்ற போர்கள் என்று பல பக்கங்கள் நிறைந்த பிறகும், அந்நாட்டு மக்கள் எதை உண்டார்கள், அது எந்த நீரில் விளைந்தது என்பது தெரிவதில்லை. மற்றத் தவறுகள் பலவும் இந்த ஒரு தவறிலிருந்தே கிளைக்கின்றன. காவிரிப் படுகையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்கள் இதற்கு வெளியூர்ச் சான்று தேட வேண்டியதில்லை.

வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். ஆறுகள் இயல்பாக ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே கீழே வரும். அவை பல கிளைகளாகப் பிரிந்து போவது கடலை நெருங்கும் சமவெளியில்தான். மலையடிவாரத்திலேயே ஆற்றை நான்காகப் பிரித்து வரைந்துவிட்டால் அந்த நாட்டை நம்ப முடியாது. காவிரி முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, கல்லணையில் வெண்ணாற்றுக்கும் வழிவிட்டு, அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று விரிகிறது. இப்படிப் பிரிகிற ஒவ்வோர் இடத்திலும் யாருக்கு எவ்வளவு நீர் என்ற கேள்வி எழுகிறது. 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு, ஜூன் 12 அன்று அணை திறக்கப்படுமா என்பதைப் பொறுத்தே குறுகிய கால நெற்பயிரான குறுவையின் தலைவிதி அமைகிறது. திறந்த நீர் தலைமடைக்கு முதலில் எட்டும். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துக் கடைமடைக்காரர் வாய்க்காலைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஒரே மொழி பேசி ஒரே தெய்வத்தைக் கும்பிடும் இரண்டு ஊர்களின் நலன்கள் எதிரெதிராக நிற்பதற்கு இது ஒன்றே போதும். உங்கள் நாட்டிலும் முதலில் தலைமடை எது, கடைமடை எது, மடையைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை முடிவு செய்யுங்கள். திருவிழாக்கள்கூட அதன் பின்னரே வர வேண்டும். ஆடிப்பெருக்கு புதுவெள்ளத்தை ஒட்டியது, பொங்கல் அறுவடையை ஒட்டியது. பயிர்க்காலத்தோடு தொடர்பில்லாமல் நினைத்த மாதத்தில் வைக்கப்பட்ட விழா ஒட்டாமல் தனியே நிற்கும்.

அடுத்த தவறு, ஒரு நாட்டுக்கு ஒரு மொழி, ஒரு மதம், ஒரு கலை என்று வகுத்துவிடுவது. தஞ்சையில் சோழருக்கும் பாண்டியருக்கும் பின் தெலுங்கு பேசிய நாயக்கர்கள் ஆண்டார்கள். அவர்களுக்குப் பின் மராத்தியர் வந்து, அந்த அரச மரபு 1855 வரை நீடித்தது. தமிழ் ஊரான திருவையாற்றில், மராத்திய அரசரின் ஆட்சிக்காலத்தில், தியாகராசர் தெலுங்கில் கீர்த்தனைகள் பாடினார். அவர் காலத்திலேயே ஐரோப்பாவிலிருந்து வந்த வயலினும் கர்நாடக இசைக்குள் நுழைந்தது. ரகுநாத நாயக்கரின் இசைவோடு 1620-இல் டேனியர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். நாகப்பட்டினத்தில் கடல்கடந்த சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசர் எழுப்பிய புத்த விகாரத்துக்குச் சோழ மன்னன் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். இத்தனை கலப்பும் ஒரு சிறு நிலப்பரப்புக்குள் நடந்திருக்கிறது. வெளியார் வரவைப் படையெடுப்பாக மட்டுமே காட்டும் கற்பனை வரலாறு இதில் பாதியைத் தவறவிடும். வந்தவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள், எதைக் கற்றுக்கொண்டார்கள், யாருடைய நிலத்தில் குடியேறினார்கள் என்பவற்றை எழுதுங்கள்.

மூன்றாவதாகச் சொல்ல வேண்டியது பொற்காலத்தைப் பற்றியது; எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான். குறையே இல்லாத பொற்காலம் ஒன்றைப் படைத்துவிட்டு, அந்தச் செழிப்பு யாருடைய உழைப்பில் வந்தது என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டைப் படித்தால் எழுத்தாளருக்கு நல்ல பயிற்சி கிடைக்கும். அங்கே குடியேற்றப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர், அவர்கள் முன்பு இருந்த கோயில், தெருவின் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஒரு பங்காக நூறு கலம் நெல் என்பதெல்லாம் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தச்சரும் தையற்காரரும் வண்ணாரும் நாவிதரும் அதே கல்லில் இடம்பெறுகிறார்கள். அந்த நெல்லுக்காக வயலில் நாற்று நட்டவர்களின் பெயர்களோ அங்கே இல்லை. அந்த மௌனம் நெடுங்காலம் நீடித்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசையில் வைத்து எரித்துக் கொல்லப்பட்டதும் இந்தப் படுகையின் வரலாறுதான். கற்பனை நாட்டிலும் கல்லில் பெயர் ஏறியவர்கள் யார், ஏறாதவர்கள் யார் என்று இரண்டு பட்டியல்கள் இருக்க வேண்டும்.

வரலாறு முழுவதும் ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்துவிட்டதுபோல எழுதுவதும் தவறு. கரிகாலன் காவிரிக்குக் கரை கட்டினான் என்று கூறும் செப்பேடுகள் அவன் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவை. பின்னால் வந்த அரசர்கள் அவனைத் தம் முன்னோனாகக் கொண்டாடுவதற்கு அவர்களுக்கென்று ஒரு தேவை இருந்தது. பதிமூன்றாம் நூற்றாண்டில் பாண்டியன் சோழநாட்டை வென்று மண்டபங்களை இடித்தபோது, கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலை என்ற நூலுக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட பதினாறு கால் மண்டபத்தை மட்டும் விட்டுவைத்தான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டுப் பாடல் ஒன்று கூறுகிறது. இது வென்றவன் தரப்புப் பாடல் என்பதை மறக்கக் கூடாது. ஒரே நிகழ்ச்சியை வென்றவர், தோற்றவர், கோயில் கணக்கர் ஆகிய மூவரும் மூன்று விதமாகச் சொல்லும் வகையில் எழுதிப் பாருங்கள். நாட்டுக்கு உயிர் வரும்.

ஆண்டுக் கணக்கையும் அளவைகளையும் பலர் கவனிப்பதில்லை. சோழர் கல்வெட்டுகள் பெரும்பாலும் மன்னனின் ஆட்சியாண்டையே குறிக்கின்றன. மன்னன் மாறினால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கும். நிலத்துக்கு நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. நெல்லுக்குப் பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். உங்கள் நாட்டுக் குடியானவர் ஏக்கரிலும் கிலோவிலும் பேசினால், அதற்கு முன் நீங்கள் கட்டிய கோட்டைகள் அனைத்தும் வீண். அளவைகளை முதலிலேயே தனித்தாளில் எழுதி வைத்துக்கொண்டு, வரிக்கணக்கு, கூலி, சீதனம் எல்லாவற்றையும் அவற்றிலேயே கணக்கிடுங்கள்.