ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர் குடியிருப்போர் சங்கத்துக்கு எப்படி உதவலாம்?

நீங்கள் விஞ்ஞானி என்று தெரிந்ததும் குடியிருப்போர் நலச்சங்கத்தில் முதலில் கேட்பது குடியரசு தினத்தன்று ஒரு உரை. பேசுங்கள், நல்லதுதான். ஆனால் சங்கங்களில் உண்மையிலேயே ஆள் இல்லாத வேலை, அளந்து தேதி போட்டு எழுதி வைப்பது. சென்னையில் இருந்தால் அதைத் தண்ணீரில் தொடங்குங்கள்.

அதற்கு முன் உங்கள் வேலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு ஊழியர் என்றால் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 15ஆம் விதியைப் படித்துவிடுங்கள். ஊதியம் வாங்காத சமூகப் பணிக்கு முன் அனுமதி தேவையில்லை, அலுவலக வேலை கெடாமல் இருந்தால் போதும். ஆனால் தேர்தலில் நின்று செயலாளராகவோ பொருளாளராகவோ ஆவதற்கு முன் அனுமதி வேண்டும். பதவி இல்லாமலே நிறைய செய்யலாம் என்பது என் கருத்து. அலுவலக லெட்டர்பேடையும் கருவிகளையும் இதில் கொண்டுவராதீர்கள். சங்கத்தின் காசில் அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகத்தில் சோதித்தால்தான் அந்த அறிக்கையை யாரிடமும் தைரியமாக நீட்ட முடியும்.

சரி, மாதிரி எடுப்பது. பெரும்பாலான இடங்களில் இங்கேதான் கெட்டுப்போகிறது, பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். உப்பு, கடினத்தன்மை பார்க்க சுத்தமான கேனை அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிவிட்டுப் பிடிக்கலாம். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தரும் பாட்டிலை மட்டும் அலசவே கூடாது, ஏனென்றால் குளோரினை முறிக்க உள்ளே கொஞ்சம் சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்பக்கத்தில் விரல் படாமல், மேலே கொஞ்சம் இடம் விட்டுப் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோய்க் கொடுங்கள். போர்வெல், சம்ப் (தரைக்கடித் தொட்டி), மேல்தொட்டி, ஒரு வீட்டுக் குழாய் என்று தனித்தனியாக எடுத்தால்தான் கோளாறு எங்கே என்று தெரியும்.

அறிக்கை வந்ததும் ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலையின் அளவுகளோடு ஒப்பிடுங்கள். மொத்தக் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே கிடைக்காதபோது 2000 வரை போகலாம். நைட்ரேட் 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அது ஏறியிருந்தால் அருகில் செப்டிக் டேங்க் கசிகிறதா என்று பாருங்கள். மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை என்ற கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் கிருமியைக் காட்டாது, இதைக் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்ல வேண்டியிருக்கும்.

ஈ.கோலை இருந்தால் சம்ப்பைக் கழுவிவிட்டுக் குளோரின் போடுங்கள். கணக்கு எளிது: 10,000 லிட்டர் தண்ணீருக்கு, லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் 20 கிராம் குளோரின் வேண்டும், புதிய ப்ளீச்சிங் பவுடரில் சுமார் 30 சதவீதம்தான் குளோரின், ஆக 67 கிராம் போல வரும். அரை மணி நேரம் கழித்துக் குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

அப்புறம் ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர்கள் இரண்டு கம்பியை விட்டு மின்சாரம் பாய்ச்சிக் குழாய்த் தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டுவார்கள். அந்தத் துரு இரும்புக் கம்பியிலிருந்து வருவது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, அவ்வளவுதான். எல்லோர் முன்னாலும் அதில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். பயந்து காசைக் கொட்டவிருந்த பெரியவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடிய பேருதவி இது.

கடைசியாக, கிணறு இருந்தால் வாரம் ஒரு நாள் காலையில் மோட்டார் போடும் முன் நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள். சென்னைக்குத் தண்ணீர் தரும் நாலு ஏரிகளும் வறண்ட 2019 கோடை போல ஒன்று மறுபடி வந்தால், லாரித் தண்ணீருக்கு எப்போது சொல்லி வைப்பது என்பதை அந்த நோட்டு முன்கூட்டியே காட்டும். மழைநீர்த் தொட்டியைத் தூர்வாரிய பிறகு மட்டம் ஏறுகிறதா என்பதும் அதிலேயே தெரியும். அளக்கும் வேலையை வாட்ச்மேனுக்கும் ஒரு கல்லூரி மாணவருக்கும் பழக்கிவிடுங்கள். உங்களுக்கு மாற்றல் வந்தாலும் நோட்டு சங்க அறையிலேயே இருக்கட்டும்.