எந்த ஜார்ஜ் என்ன செய்தார்? குழப்பாமல் படிக்க ஒரு வழி

கும்பகோணம் பக்கம் சாமிநாதன் என்று சொன்னால், ஓலைச்சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே.சா.வா, பசுமைப் புரட்சி எம்.எஸ். சுவாமிநாதனா என்று கேட்பார்கள். இரண்டு பேரையும் நம்மில் யாரும் மாற்றிச் சொல்வதில்லை, அவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். வினாடி வினாவுக்குப் படிக்கும் பிள்ளைகள் அமெரிக்க ஜார்ஜ்களிடம் தடுமாறுவது, பெயரையும் ஆண்டையும் மட்டும் உருப்போடுவதால்தான்.

அதனால் நோட்டில் முதலில் பெயரை எழுதாதீர்கள், வேலையை எழுதுங்கள். ரயில் பிரேக், பிலிம் சுருள், நிலக்கடலை, இப்படி. பெயர் அதற்குப் பக்கத்தில் வரட்டும்.

ரயில் பிரேக் என்றால் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். அதுவரை ஒவ்வொரு பெட்டியிலும் ஆள் நின்று கையால் சக்கரத்தைத் திருகித்தான் ரயிலை நிறுத்தினார்கள். 1869-ல் இவர் காற்றழுத்த பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். மயிலாடுதுறை ஜங்ஷனில் வண்டி நின்றதும் பெட்டிக்கு அடியில் புஸ்ஸென்று காற்று பிரியும் சத்தத்தைக் கேட்டால் இவரை நினைத்துக்கொள்ளுங்கள். பிலிம் சுருள் ஜார்ஜ் ஈஸ்ட்மன். 1888-ல் கோடக் கேமராவை விற்றார், 100 படம் எடுத்து முடித்ததும் கேமராவையே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், கழுவி அச்சுப்போட்டு, புது பிலிம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

அப்புறம் எல்லோரும் சறுக்கும் இடம். ஜார்ஜ் வாஷிங்டன் 1732-ல் பிறந்தவர், கல்லூரிப் பக்கமே போகாதவர், 17 வயதில் வர்ஜீனியாவில் நில அளவையாளராக வேலை பார்த்தவர், 1789-ல் முதல் அதிபர். ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வேறு ஆள். பெயரைப் பாதியில் நிறுத்தினால் கேள்வி போச்சு.

கார்வருக்கு மட்டும் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். 1864 வாக்கில் மிசௌரியில் அடிமையாகப் பிறந்தவர், கறுப்பர் என்பதால் ஒரு கல்லூரி வாசலிலேயே திருப்பி அனுப்பியது. விடாமல் அயோவாவில் வேளாண்மை படித்து, 1896-ல் அலபாமாவின் டஸ்கீகி கல்விக்கூடத்துக்குப் போனவர், 1943-ல் இறக்கும் வரை அங்கேயே இருந்தார். அந்தப் பக்கத்து மண் வருஷக்கணக்காகப் பருத்தியே போட்டுச் செத்துப்போயிருந்தது. பருத்தியை மாற்றி நிலக்கடலையும் காராமணியும் போடுங்கள் என்று ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் கல்லூரிக்கு வர முடியாது என்பதால், 1906-ல் வண்டி ஒன்றில் விதையும் கருவிகளும் ஏற்றிக்கொண்டு வகுப்பையே அவர்களிடம் கொண்டுபோக ஏற்பாடு செய்தார். எனக்கு இந்த ஜார்ஜ்களில் இவர் மேல்தான் மரியாதை அதிகம்.

அவர் சொன்னதை நீங்கள் நம்மூர் வயலிலேயே பார்க்கலாம். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது ஈரத்தில் உளுந்து தெளிப்போம் இல்லையா, பூ விடும் நேரத்தில் ஒரு செடியை மண்ணோடு மெதுவாகக் கிளப்பி வேரை அலசிப் பாருங்கள். குட்டிக் குட்டி முடிச்சுகள் இருக்கும், ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்து வைப்பது அந்த முடிச்சுகள்தான், கடலைக்கும் அதே கதை. இதை ஒருமுறை பார்த்த பிள்ளை கார்வரை மறக்காது. ஆனால் நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவர் என்று எங்காவது போட்டிருந்தால் அடித்துவிடுங்கள், அது தவறு.

மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி போதும். ஜார்ஜ் மார்ஷல், படைத்தளபதியாக இருந்து 1953-ல் அமைதிக்கான நோபல் வாங்கியவர். ஜார்ஜ் கெர்ஷ்வின், இசையமைப்பாளர், 38 வயதில் போய்விட்டார். புஷ்களில் அப்பா 1989 முதல் 1993 வரை, மகன் 2001 முதல் 2009 வரை, நடுவில் கிளின்டன்.

சோதிக்கும்போது பெயரைச் சொல்லி வேலையைக் கேட்காதீர்கள், வேலையைச் சொல்லிப் பெயரைக் கேளுங்கள். தடுமாறாமல் பதில் வந்தால் சரி, அடுத்து தாமஸ்களை எடுங்கள். ஜெஃபர்சன், எடிசன் இருவரில் தொடங்கலாம்.